ஏட்டு காணாமல் போன கேஸ்

1

இந்தக் கதை ஒரு ஆர்டர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

கைபேசிச் செயலி ஒன்றில் நான் துப்பறியும் தொடர் எழுதுகிறேன். பெரம்பூரில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், மிளகு என்று ஒரு பூனை, அக்கம்பக்கத்தில் காணாமல் போகும் பொருட்கள். டீச்சர் டீ போடுவார், பூனை எதையாவது தட்டிவிடும், குற்றவாளி மாட்டிக்கொண்டு அழுவான். பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிறார்கள், அது போதும் எனக்கு. செயலியின் ஆசிரியர் மகிழினி, "இந்தத் தடவை வடசென்னையில வெச்சு ஒண்ணு குடுங்க மேடம்" என்றாள். கூடவே விதிகளையும் சொன்னாள். ரத்தம் கூடாது. செல்லப்பிராணி சாகக் கூடாது. துப்பறிகிறவர் போலீஸாக இருக்கக் கூடாது. குற்றவாளி ஒரு மனுஷனாக இருக்க வேண்டும், கடைசியில் அவனை மன்னித்துவிடலாம். படித்து முடிக்கும்போது போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும்.

குற்றவாளி மனுஷனாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாக எதற்குச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பேய்க்கதை வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ஜன்னத் போன் செய்தாள். என் தொடரின் வாசகி. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே, கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஒரே வீட்டுக்காரருக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறாள். தண்டையார்பேட்டையில் பிறந்து, வாடகை ஏற ஏற வடக்கே தள்ளப்பட்டு வந்த குடும்பம். ஜாக்கெட் தைக்கிறாள். புருஷன் ஷாரிக் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், வீட்டில் இருப்பதே அபூர்வம். (இந்தக் கதையில் அவன் வேலை இத்தோடு முடிந்தது. கோபித்துக்கொள்ள மாட்டான், படிக்கிற பழக்கம் இல்லை.)

"யக்கா, என்னாண்ட ஒரு கேஸ் கீது. மெய்யாலுமே நடந்தது. நீ எய்து" என்றாள். குரலே இல்லை, வெறும் காற்றாகப் பேசினாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து பேசுகிறாள் என்று நினைத்து நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஊர், பேர் எல்லாம் மாற்றிவிடுகிறேன் என்றேன். ஒரு பேரை மட்டும் மாற்றக் கூடாது என்றாள்.

"தாமோதரன்னே எய்து. அந்தாளு எங்கனா குந்திகினு படிச்சார்னா தெரிஞ்சிக்கட்டும்."

"என்ன தெரிஞ்சிக்கணும்?"

"நான் தேடிகினு கீறேன்னு."

2

தொடக்கம் ஒன்று:

"இதமான கடற்காற்று வீசும் அந்தச் சின்னத் தெருவில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். அதனால்தான் ஏட்டு காணாமல் போனபோது"

(நிறுத்திவிட்டேன். அந்தத் தெருவுக்குக் கடற்காற்று தனியாக வருவதில்லை. வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூரையும் மேற்கிலிருந்து அடித்தால் மணலியையும் கூட்டிக்கொண்டு வரும். துணி காயப்போடுகிறவர்கள் காற்றைப் பார்த்துத்தான் காயப்போடுகிறார்கள். இதமாவது மண்ணாவது.)

தொடக்கம் இரண்டு:

"ஏட்டுக்கு உடம்பெல்லாம் காக்கி நிறம். ஒவ்வொரு வாசலாகப் போய் உட்காரும். கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்காது. கொடுத்தாலும் நன்றி கிடையாது."

இது இருக்கட்டும். பெயர் வைத்தது எதிர்வீட்டு ராஜாத்தி. மீன் விற்கிறவள். காசிமேட்டிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் முதல் மாமூல் ஏட்டுக்குத்தான். மற்றபடி அது ஜன்னத்தின் பூனை. அதாவது, தூங்குவது அவள் வீட்டில், தைக்க வந்த துணிமூட்டையின் மேல். ஜன்னத்தின் மகள் சைமாவுக்கு அது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும். ரோமம் ஒட்டிய ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சண்டை போடாத வாடிக்கையாளர் ஜன்னத்துக்கு இல்லை. பூனையை விட்டுவிடு என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவள் வாடிக்கையாளர்களைத்தான் விட்டாள்.

3

இனி வில்லன். இவரை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம் மேல் சந்தேகம்.

தாமோதரன், வரிசையின் கடைசி வீடு, தனியாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஏதோ குழாய் பிய்த்துக்கொண்டதில் தொண்டை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது குரலும் இல்லை, வேலையும் இல்லை. பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் போய் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், பக்கத்தில் போகத்தான் யாருக்கும் விருப்பமில்லை.

முதலில் இப்படி எழுதினேன்: "அந்த முரட்டு முகத்துக்குப் பின்னால் ஒரு மென்மையான"

ஜன்னத் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையை நீட்டி நிறுத்தினாள்.

"பொய் எய்தாத. அந்தாளு ஒண்ணும் நல்லவரு கெடையாது. கலீஜான ஆளு. புள்ளைங்க வெள்ளாண்டா சட்டில தண்ணி கொண்டாந்து ஊத்துவாரு. என் பூனைய காலால எத்திக்கீறாரு, நானே கண்ணால பாத்தேன்."

ஆகவே மென்மையை அடித்துவிட்டேன். அவர் கலீஜான ஆள்தான். நல்லவராக இருந்தால்தான் நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஒன்றும் சட்டம் இல்லையே. (இருக்கிறது என்றுதான் என் தொடரின் வாசகர்கள் நினைக்கிறார்கள்.)

மார்கழியில் ஒருநாள் ஏட்டு தாமோதரனின் தலையணையில் மூத்திரம் போய்விட்டது. அவரால் கத்த முடியாதே, கரண்டியை எடுத்துவந்து ஜன்னத்தின் தகரக் கதவை அடி அடி என்று அடித்தார். கார்ப்பரேஷன் வண்டியை வரவழைப்பேன், பூனையைப் பிடித்துக் கொடுப்பேன் என்று காற்றாகவே மிரட்டிவிட்டுப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலையிலும் வந்தார். கரண்டி இல்லை. ஜன்னத் மெஷினில் இருந்தாள். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கேஸ் வரும். பூனைய உள்ள கட்டி வெயி."

"வரட்டும், போ நைனா. நாங்க பாக்காத கேஸா" என்றாள் ஜன்னத், காலை மெஷினிலிருந்து எடுக்காமல்.

அவர் மறுபடியும் அதையே சொன்னார். புரிகிற வழியைக் காணோம் என்று தன் கழுத்தைக் கையால் பிடித்துக் காட்டினார். ஜன்னத் விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போய், "கய்த்த நெரிச்சிடுவேன்னு சைகை காட்டறான்க்கா" என்று ராஜாத்தியிடம் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் ஏட்டு இல்லை.

4

கால்வாய்க் கரையில் தெருவின் மற்ற பூனைகள் செத்துக் கிடந்தன. யாரோ வளர்த்த கோழிகளும். காயம் இல்லை, ரத்தம் இல்லை. (மகிழினி, பார்த்தாயா, விதியைக் காப்பாற்றிவிட்டேன். இவை தெருப் பூனைகள், செல்லப்பிராணிக் கணக்கில் வராது.) ஏட்டின் உடம்பு மட்டும் அங்கே இல்லை.

"வெஷம் வெச்சிக்கீறான்" என்றாள் ராஜாத்தி. யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

பனிக்காலம் ஆதலால் தெருவே இருமிக்கொண்டிருந்தது. இதை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று யோசித்தேன். எங்கும் இருக்கிற ஒன்று தடயம் ஆகாது. அந்தத் தெருவில் என்றைக்குத்தான் இருமவில்லை.

இரண்டு பெண்களும் துப்பறிய ஆரம்பித்தார்கள். ராஜாத்தி தன் மீன் கூடையை இடம் மாற்றி, கடைசி வீடு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். ஜன்னத் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வராத வாடிக்கையாளரைத் தேடுகிறவள் போல அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தாள். தாமோதரன் வீட்டு ஜன்னல்களில் ஈரச் சாக்கு திணித்திருந்தது. பூனை கத்துவது வெளியே கேட்காமல் இருக்கத்தான் என்று முடிவு செய்தாள். இது தவறான முடிவு என்று என் டீச்சர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். பெரிய தடயத்தைக் கண்டுபிடித்தது ராஜாத்தி.

"நெத்திலி வாங்கினு போறான்டி."

"போவட்டும், அதுக்கு இன்னா?"

"தொண்ட போனதுலருந்து அவன் முள்ளு மீனே தொடறதில்ல. வஞ்சரத்துல ஒரு துண்டு குடுன்னு உயிர வாங்குவான். நேத்தும் நெத்திலி, இன்னிக்கும் நெத்திலி. யாருக்கு வாங்கறான்?"

இதை என்னிடம் சொன்னபோது ஜன்னத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததே இல்லையாம். பிறகு என்னைப் பார்த்து, "உன் டீச்சரம்மா சொல்லுவாளேக்கா, குத்தவாளி எப்பவும் அதே தெருவுலதான் கீறான்னு. அத்தத்தான் நெனச்சிகினேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அது என் விதி இல்லை, இந்த மாதிரிக் கதைகளுக்கே அதுதான் விதி. குற்றவாளியை முதலிலேயே வாசகருக்குக் காட்டியிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவனைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுவந்தால் திட்டுவார்கள், ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று நட்சத்திரத்தைக் குறைப்பார்கள். ஆகவே குற்றவாளி எப்போதும் பக்கத்து வீட்டில் இருப்பான், பால் வாங்க வருவான், சிரிப்பான் அல்லது சிடுசிடுப்பான். புகைபோக்கிகள் பின்னணியில் இருக்கும். பின்னணியை யாரும் கைது செய்வதில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் டீ கொண்டுவரப் போய்விட்டாள்.

5

இரண்டு பேரும் போய்ச் சொன்னதில், தாமோதரன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே எல்லா ஜன்னலிலும் ஈரச் சாக்கு. கதவிடுக்கில் ஈரத் துணி. குளியலறையில், மடித்துப் போட்ட லுங்கியின் மேல், ஏட்டு. பக்கத்தில் தட்டில் நெத்திலித் தலைகள். கொஞ்சம் பெருத்தும் இருந்தது. வெளிச்சத்தைக் கண்டதும் எழுந்திருக்காமல், எங்கே மாமூல் என்பது போல எல்லோரையும் பார்த்தது.

சைமா அதைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடினாள். கைதட்டினார்கள். ஜன்னத் அழுதாள்.

தாமோதரன் திரும்பி வந்தபோது அவர் வாசலில் செத்த பூனைகளைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அவர் என்னவோ சொன்னார். கூட்டத்தில் காற்றுக்கு என்ன மதிப்பு. ராஜாத்தி ஓங்கி ஒரு அறை விட்டாள். போலீஸ் வந்தது. பிராணிகளுக்கு விஷம் வைத்ததாகப் புகார் எழுதி, ஜன்னத் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ஒரு பையும் ஒரு பக்கெட்டுமாகப் போகும்போது தாமோதரன் ஜன்னத்தின் ஜன்னலுக்கு வந்தார். உதடு வீங்கியிருந்தது.

"மறுபடி கேஸ் வரும். புள்ளைங்கள உள்ள வெயி."

"புள்ளைங்க மேலயே கேஸு போடுவியா? போய்யா பேமானி" என்றாள் ஜன்னத். அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் ஜன்னத் வீட்டில் டீயும் ரஸ்க்கும். ஏட்டுக்கு ஒரு முழு சங்கரா மீன்.

6

இதுவரை எழுதி மகிழினிக்கு அனுப்பினேன்.

"செம மேடம். அப்படியே போர்வை மாதிரி இருக்கு. லாஸ்ட்ல மட்டும் வில்லன் மன்னிப்பு கேக்கற மாதிரி ரெண்டு வரி போடுங்க, முடிச்சிடலாம்" என்று பதில் வந்தது.

பூனையைக் கொல்லக் கடத்தியவர் அதற்கு ஏன் மீன் வாங்கிப் போட்டார் என்று அவள் கேட்கவில்லை. தெருவில் உயிரோடு மிஞ்சிய ஒரே பூனை எதனால் அவருடைய வீட்டில் இருந்தது என்றும் கேட்கவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. நீங்களும்தான் கேட்கவில்லை, கைதட்டல் சத்தத்தில் இருந்தீர்கள்.

இங்கே முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம். மெய்யாகவே சொல்கிறேன். ஏட்டு உயிரோடு இருக்கிறது, டீ சூடாக இருக்கிறது.

7

தை மாதம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். மேற்கிலிருந்து காற்று.

முதலில் கண் எரிந்தது. பிறகு மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. சைமா சீருடையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள், மாட்டாமலே சாய்ந்தாள். ஜன்னத் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் கதவு கதவாகக் கத்திக்கொண்டே ஓடினாள். கத்தினால் உள்ளே இழுக்க வேண்டும். இழுத்து இழுத்துக் கத்தினாள். பெரிய சாலைக்கு வந்து ஆட்டோ கிடைத்தபோது, எங்கே போகணும் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லக் குரல் வரவில்லை.

ஏட்டைப் பற்றி ஒன்று. அது கொஞ்ச நாளாகவே தாமோதரனின் பூட்டிய வீட்டு வாசலில்தான் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அங்கே மாமூல் நன்றாக இருந்தது போலும். அன்று காலையிலும் அது அந்தப் படியில்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். செல்லப்பிராணி சாகக் கூடாது என்பது விதி. நான் விதிக்குக் கட்டுப்பட்டவள். இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது ஜன்னத், "அதான் படிலயே செத்துக் கெடந்துச்சே, இன்னாத்துக்கு மறைக்கற" என்றாள். அவள் சொன்னதை எழுதியிருக்கிறேன். நான் எழுதவில்லை.)

என் டீச்சர் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டிவைத்து உண்மையைச் சொல்வார். இங்கே யாரும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது, இருமிக்கொண்டு. சைமா உள்ளே ஆக்ஸிஜன் முகமூடி போட்டுப் படுத்திருந்தாள். ஜன்னத் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். ராஜாத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"கேஸு" என்றாள் ஜன்னத். காற்றுதான் வந்தது.

"எந்த கேஸு? அந்தாளு கேஸா? அவனத்தான் தொரத்தியாச்சே. இப்ப இன்னாத்துக்குடி அந்தப் பேச்சு, பேசாம குந்து."

ஜன்னத் தலையை ஆட்டினாள். மறுபடியும் சொன்னாள். ராஜாத்தி, "அய்ய, வுடுடி அந்த கேஸ" என்றாள். புரிகிற வழியைக் காணோம் என்று ஜன்னத் தன் கழுத்தைக் கையால் பிடித்துக் காட்டினாள்.

பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது என்கிறாள். அந்த ஜன்னலில் அந்த ஆள் எப்படி நின்றார், கை எங்கே இருந்தது, எல்லாம் அப்போதுதான் தெரிந்ததாம். துப்பு துலங்கிவிட்டது. துலங்கியதும் துப்பறிந்தவள் சத்தமில்லாமல் அழுதாள், சத்தம் இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

8

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான்.

தமிழில் க ஒன்றுதான். சிலிண்டரில் வருகிறதையும் கோர்ட்டில் நடக்கிறதையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். வாயால் சொல்லும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சிலிண்டருக்குச் சொல்லும்போது முதல் எழுத்தில் தொண்டை லேசாக அதிரும், விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். கோர்ட்டுக்குச் சொல்லும்போது அதிராது. அந்தச் சின்ன அதிர்வு தாமோதரனிடம் இல்லை, குழாய் பிய்த்துக்கொண்ட அன்றைக்கே போய்விட்டது. தொண்டை அரித்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து விஷக்காற்று வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வேறெந்த ஞானமும் இல்லை. வெறுத்த பூனையைக்கூட உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஏன் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை, கட்டி வை என்று சொல்லியும் கட்டாத ஜன்னத் மேல் இருந்த கோபத்தில்கூட இருக்கலாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். முதல் பகுதியிலிருந்து இந்தச் சொல்லை எழுதிக்கொண்டே வருகிறேன். தலைப்பிலேயே இருக்கிறது. எப்படி வாசித்தீர்கள்? நான் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. ஜன்னத் போனில் "என்னாண்ட ஒரு கேஸ் கீது" என்றபோது அவள் எதைச் சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "ரெண்டையுந்தான்" என்றாள்.

9

"உன்கு கொரல் கீதுல்ல, நீ கூட வா" என்று கூப்பிட்டதால் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். புகார் எழுதுகிற ரைட்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், உட்காரச் சொன்னார்.

"கேஸ் சார்" என்றாள் ஜன்னத்.

"எந்த கேஸும்மா?"

இதற்காகத்தானே வந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டை நன்றாக அதிரும்படி சொன்னேன். "கேஸ் சார். சிலிண்டர் கேஸ் மாதிரி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கம்பெனியிலேர்ந்து வந்தது. புகார் குடுக்கணும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நொடி வரைக்கும் இந்தக் கதை ஒரு எழுத்தைப் பற்றியது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சரியாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

"அதுக்கு வேற ஆபீஸ் இருக்கும்மா. நாங்க எடுக்க மாட்டோம்."

"எந்த ஆபீஸ் சார்?"

"விசாரிச்சுப் பாருங்க." பிறகு ஜன்னத்தின் பக்கம் திரும்பினார். "நீதானம்மா அந்தப் பூனை கேஸு? வாய்தா வருது. அக்யூஸ்ட் ஆளையே காணோம். எங்க கீறான்னு தெரிஞ்சா சொல்லு."

"வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றாள். நான் அதையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"அதுக்கு அவன் வரணுமே. வரட்டும், புடிச்சு உள்ள வெக்கறோம், அப்பால வந்து வாபஸ் வாங்கு."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். ஜன்னத் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். தாமோதரன் பேரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். இந்தக் கதையைப் படித்துவிட்டு அவர் ஓடிவந்தால் நேராக ஸ்டேஷனுக்குத்தானே போவார். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"பேரு இருக்கட்டும். நான் தேடிகினு கீறேன்னு எய்து. வர வோணாம்னும் எய்து."

எழுதிவிட்டேன்.

10

முடிவுகள்.

மகிழினி கேட்டது: தாமோதரன் திரும்பி வருகிறார். சைமா அவர் மடியில் ஒரு பூனைக்குட்டியை வைக்கிறாள். ராஜாத்தி வஞ்சிரத்தில் நடுத்துண்டு எடுத்துக் கொடுக்கிறாள். எல்லோரும் டீ குடிக்கிறார்கள். (எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. எனக்கு இந்த வேலை தெரியும். அதனால்தான் கிழித்தேன்.)

நான் முயன்றது: "எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், தன் பேரைக் கண்டதும்"

(அவரிடம் கைபேசி இருந்ததா என்று ஜன்னத்திடம் கேட்டேன். தொண்டை போனவருக்கு போன் எதுக்குக்கா என்றாள்.)

நியாயம் கிடைக்கும் முடிவு ஒன்றும் இருக்கிறது. அதில் கோர்ட்டு வருகிறது, கம்பெனி வருகிறது, கூண்டில் ஒரு புகைபோக்கி ஏறி நிற்கிறது. மகிழினி சரியாகத்தான் சொன்னாள், குற்றவாளி மனுஷனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது என்று நமக்குத் தெரியவில்லை, கையில் அகப்படுகிறவரை அறைகிறோம்.

நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சைமா பள்ளிக்கூடம் போகிறாள், ஓடி விளையாடினால் மூச்சிரைக்கிறது. சாப்பிட வைக்க ஜன்னத் படாத பாடு படுகிறாள். ஜன்னத்துக்குக் குரல் வரவில்லை. வரும் என்கிறார்கள், எப்போது என்று சொல்வதில்லை. அவளுக்கும் இப்போது தொண்டை முன்கூட்டியே அரிக்கிறது. அரித்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் ஒவ்வொரு கதவாகப் போகிறாள். ராஜாத்தி அவள் உதட்டைப் பார்த்ததும் கூடையை மூடிவிடுகிறாள், சாக்கை நனைக்கிறாள். மற்றவர்களில் பாதிப்பேர் நனைக்கிறார்கள். பேஜாருப்பா இவளோட என்று மீதிப்பேர் சிரிக்கிறார்கள்.

கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்த பூவம்மா, அவள் புருஷன், ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டி ஏற்கெனவே ஜன்னத் காயப்போட்ட துணியை இழுத்துக் கிழித்து, இரண்டு வீட்டுக்கும் ஒரு சண்டை ஆகியிருக்கிறது.

நேற்று நான் அங்கே இருந்தேன். ஜன்னத் தைத்துக்கொண்டிருந்தவள் காலை எடுத்தாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள். எழுந்து கடைசி வீட்டுக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை. என் குரலால் ஆகிற காரியம் எவ்வளவு என்றுதான் ஸ்டேஷனிலேயே பார்த்துவிட்டேனே. வாசலில் நின்று பார்த்தேன். பூவம்மா அடுப்பு வேலையில் இருந்தாள், திரும்பவில்லை. ஜன்னத் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

பூவம்மா என்ன பதில் சொன்னாள் என்று எழுதப் போவதில்லை. அது என்னிடம் இல்லை. காகிதத்துக்கும் தொண்டை கிடையாது, எனக்கும் இங்கே கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. ஜன்னத் சொன்னதைக் கீழே அப்படியே தருகிறேன், கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள்.

"கேஸ் வரும். நாய உள்ள கட்டி வெயி."